தாசி நாசி

டண்டினோங், மெல்பேர்ண்.
18 ஓகஸ்ட் 2025

அன்பு மச்சாளுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். நீங்களும் மாமியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உறையைக் கண்டதும் "இவளுக்கென்ன விசரோ, போன் இல்லையோ" என்று கேட்டிருப்பீர்கள். போன் இருக்கிறது. ஆனால் உங்கள் போன் எப்போதும் குசினி மேசையில் ஸ்பீக்கரில் கிடக்கும், பக்கத்துக் கதிரையில் மாமி இருப்பா. நான் இப்போது எழுதப்போவது மாமியின் காதில் விழக்கூடாது. அதனால்தான் உங்கள் வேலையிட விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

முதலில் நல்ல செய்தி. சின்னவள் நடக்கத் தொடங்கிவிட்டாள். கதவு கொஞ்சம் திறந்தாலும் ரோட்டுக்குத்தான் ஓட்டம். உங்கள் தம்பி பின்னாலே ஓடி மெலிந்துபோனார். என் சமையலால்தான் மெலிந்தவர் என்று மாமியிடம் கோள் மூட்டாதேங்கோ.

அடுத்தது, கோயில் ஆட்களோடு ஜப்பானுக்கு நீங்கள் போகிற கந்தசட்டி விரதப் பழப் பயணம். போன வருடம் பச்சை உடம்புக்காரியாக இருந்தேன், வரமுடியவில்லை. இந்த முறை வழிகாட்டியாக நானே வருகிறேன் என்று சொன்னது சொன்னதுதான். ஒகயாமாவில் மூன்று வருடம் படித்த ஜப்பான் பாஷை இன்னும் துருப்பிடிக்கவில்லை. போன வருடம் சட்டி நவம்பரில் வந்தது, இந்த வருடம் ஒக்டோபரில் வருகிறது, ஆகவே பழங்களும் மாறும். ஒகயாமாவில் மஸ்கட் முந்திரிகை (தமிழ்நாட்டு மீனாம்பாள் அன்ரிக்குத் திராட்சை என்று சொல்லுங்கோ) முடிகிற நேரம், ஆனால் கடைசிக் குலைகள்தான் நல்ல இனிப்பு. வாகயாமாவில் விரலாலேயே உரிக்கிற மிக்கான் தோடம்பழம் இப்போதுதான் வரத் தொடங்கும், தோல் பச்சையாக இருக்கும், புளிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவோம். அங்கேயே மலை உச்சியில் ஒரு கோயில் மடத்தில் ஒரு இரவு தங்கலாம். எள்ளை அரைத்துச் செய்கிற தோஃபு அந்த மலைக்குப் பேர் போனது. நாராவில் காக்கிப் பழம், அதுதான் நீங்கள் ஸ்ட்ராத்ஃபீல்டில் பேர்சிமன் என்று வாங்குவது. அங்கே நம்முடைய கூவைக்கிழங்கு மாவைப் போல ஒரு கிழங்கு மாவில் களியும் செய்வார்கள். பகல் முழுக்கப் பழம், இரவில் ஒரு நேரச் சாப்பாடு. விரதக்காரருக்கு இதைவிட நல்ல நாடு எங்கே இருக்கிறது?

இனித்தான் நான் எழுத வந்த விஷயம். நாரா விடுதிக்கார அம்மா பதில் அனுப்பியிருக்கிறா. பணிவாக, நீளமாக எழுதியிருக்கிறா. ஒரு இடத்தை அப்படியே தமிழில் தருகிறேன்: "சென்ற ஆண்டைப் போலவே மீன் துண்டு எதுவும் போடாமல், எங்கள் கட்சுவோ டாஷியில் காய்கறிகளை அவித்துத் தருவோம். எல்லோரும் விரும்பிச் சாப்பிட்டார்கள். வயதான ஒரு அம்மா மட்டும் காக்கிப் பழத்தோடு நிறுத்திக்கொண்டார். எங்கள் சமையல் அவருக்குப் பிடிக்கவில்லையோ என்று இன்றும் கவலை. இந்த முறை அவருக்கென்று பழம் கூடுதலாக எடுத்து வைப்போம்."

மச்சாள், டாஷி என்றால் அவர்கள் எல்லாச் சமையலுக்கும் அடியில் ஊற்றுகிற சாறு. கட்சுவோ என்பது மீன்.

இதற்காகத்தானே போன வருடம் எல்லோருக்கும் கழுத்தில் தொங்கவிட அட்டை எழுதி அனுப்பினேன்? மேலே ஜப்பான் எழுத்து, கீழே வாய்விட்டு வாசிக்கத் தமிழில் "டாஷி நாஷி". டாஷி இல்லாமல் தாருங்கள் என்று அர்த்தம். அந்த அட்டைக்கு என்ன நடந்தது?

உங்கள் தம்பி அவுஸ்திரேலியாவுக்குப் படகேறிவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்றே மாமி மீன், இறைச்சி என்று மச்சம் எல்லாவற்றையும் விட்டவ. அவர் கையில் நிரந்தர வீசா வரும்வரை வாயில் வைக்கமாட்டேன் என்று முருகனுக்கு நேர்ந்தவ. போன டிசம்பரில் அவருடைய மனுவுக்கு "இல்லை" என்று பதில் வந்தபோதுகூட அந்த நேர்த்தியை விடவில்லை. இப்போது மறுபடி மனுப் போட்டுவிட்டு இருக்கிறோம், பதில் எந்த நாளும் வரலாம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? சொல்லுங்கோ.

பதிலைப் பார்த்திருக்கும்,
பிரவீணா


ஹோம்புஷ், சிட்னி.
26 ஓகஸ்ட் 2025

அன்பின் பிரவீணாவுக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. வேலையிடத்தில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். எனக்குக் கடிதம் எழுத ஒரு ஆள் இருக்கிறது என்று அவர்களுக்கு ஆச்சரியம். சின்னவளுக்கு என் முத்தங்கள். தம்பியை நல்லாய்ச் சாப்பிடச் சொல்லும். அம்மா சுகம். முழங்கால் வலி என்பா, பிறகு பக்கத்து பிளட்காரியோடு ஸ்ட்ராத்ஃபீல்ட் வரைக்கும் நடந்து போய் முருங்கைக்காய் வாங்கி வருவா.

அட்டைக் கதையைச் சொல்கிறேன், சிரிக்கக்கூடாது. அச்சடிக்க முன் எழுத்துப்பிழை பார்க்கட்டும் என்று சிவமணி அங்கிளிடம் கொடுத்தேன். அவர் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறவர், உமக்குத் தெரியும்தானே. சிவப்புப் பேனையை எடுத்தார். "டகரம் தமிழிலை சொல்லுக்கு முதல் வராது பிள்ளை. ஷகரம் எங்கடை எழுத்தே இல்லை" என்றார். டா தா ஆனது. ஷி சி ஆனது. நானும் பார்க்காமல் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, நூல் கோத்து வைத்துவிட்டேன்.

பயணத்துக்கு முதல் ஞாயிறு எல்லோரையும் தோசைக் கடை மேல்மாடியில் கூட்டி அட்டையைக் கொடுத்தேன். மீனாம்பாள் அன்ரி கண்ணாடியைப் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரத்து வாசித்தா: "தாசி நாசி." கடையே திரும்பிப் பார்த்தது. "ஏன்மா நிரஞ்சினி, முருகனுக்கு விரதம் இருந்துட்டு, தாசின்னு எழுதிக் கழுத்துல மாட்டிக்கிட்டா ஊர் ஊராப் போகணும்? எங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா என்னை வாசல்படி தாண்ட விட்டிருப்பாரா?" பின்னாலிருந்து ஒரு கிழவர், "நாசி எண்டால் மூக்கெல்லோ? தாசியின்ரை மூக்கோ?" என்று கேட்க, ஆம்பிளைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிலம் பிளந்திருந்தால் நான் உள்ளே போயிருப்பேன். அம்மாவும் அங்கேதான் இருந்தவ, தலையைக் குனிந்துகொண்டா.

அன்றே அந்த அட்டை எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். போனிடம் "மீன் வேண்டாம்" என்று கேட்டு, அது தந்த ஜப்பான் எழுத்தைப் புது அட்டையில் அடித்தேன். மீனே வேண்டாம் என்றால் மீன் தண்ணியும் அதற்குள் அடங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான் எந்த ஒகயாமாவில் படித்தேன்? அந்தச் சாறு மீனில் வடிக்கிறது என்பது நீர் எழுதித்தான் எனக்கே தெரியும்.

அம்மா அப்படி ஒன்றும் பெரிதாகச் சாப்பிடவில்லை. முதல் நாள் இரவு மட்டும் கிண்ணத்தை எடுத்துக் குடித்தவ. அடுத்த நாளே தடிமன் பிடித்து மூக்கு அடைத்துவிட்டது, வயிறும் சரியில்லை என்று கடைசிவரைக்கும் பழத்தோடேயே சமாளித்தவ. நாங்கள் வெளிக்கிடும்போது விடுதிக்காரி ஒரு பை காக்கிப் பழம் கொடுத்துவிட்டா. சிட்னி ஏர்போர்ட்டில் பழம் உள்ளே கொண்டுபோகக் கூடாது, போடுங்கள் என்றார்கள். அம்மா தொட்டிக்கு முன்னாலே நின்று ஒன்றை முழுசாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் மற்றதைப் போட்டா. எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நடந்தது நடந்துவிட்டது. இந்த முறை நீர் வருகிறீர், எல்லாம் சரியாக நடக்கும். அம்மாவுக்கு மட்டும் தெரியவேண்டாம். என் கண்ணல்லவா.

அன்புடன்,
மச்சாள் நிரஞ்சினி


டண்டினோங்.
3 செப்டெம்பர் 2025

அன்பு மச்சாளுக்கு,

அட்டைக் கதையை வாசித்துச் சிரித்தேன். பொய் சொல்லவில்லை, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். தாசியின் மூக்கு! சிரித்து முடிந்ததும் ஒரு விஷயம் இடித்தது. விடுதிக்கார அம்மாவுக்கு, போன வருடம் வந்த எங்கள் ஆட்களில் யாராவது டாஷியைப் பற்றிக் கேட்டார்களா என்று எழுதினேன்.

அவ மிகவும் சந்தோஷமாகப் பதில் போட்டிருக்கிறா. மூன்றாம் நாள் காலையில் குழுத் தலைவி குசினிக்குள் வந்தாராம். இவ கட்சுவோவைச் சீவிக்கொண்டிருந்தாவாம். தலைவி அந்தக் கட்டையைக் கையில் வாங்கி மணந்து பார்த்து, "மாஷி, மாஷி" என்று இரண்டு தரம் சொன்னாராம். அவர்களுடைய பாஷையில் மாஷி என்றால் "மற்றதைவிட இது நல்லது". தலைவிக்குப் பிடித்துப்போய்விட்டது என்று அன்று இரவு இன்னும் கூடப் போட்டுச் சமைத்தார்களாம்.

நீங்கள் சொன்னது மாஷி இல்லை, மச்சாள். மாசி. எங்கள் சம்பலுக்கு இடித்துப் போடுகிற அதே மாசிக் கருவாடு. ஜப்பான்காரன் அதைக் காயவைத்து மரக்கட்டை மாதிரி ஆக்கிச் சீவுகிறான், அவ்வளவுதான் வித்தியாசம். பருத்தித்துறை ஆளுக்கு மாசி மணம் தெரியாமல் போகுமா? "நீர் எழுதித்தான் எனக்கே தெரியும்" என்று எனக்கு எழுதினீர்களே, அது எப்படி உங்களுக்கு மனம் வந்தது?

அட்டையை மாற்றியது பிழை. அதை நான் பெரிதுபடுத்தமாட்டேன், வெட்கத்தில் யாரும் செய்வார்கள். தெரிந்த பிறகு அன்று இரவும் அடுத்த இரவும் அதே கிண்ணங்களை அந்தப் பாவப்பட்ட சனத்துக்கு முன்னால் வைக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பயணம் வெளிக்கிடும்போது, அட்டை மாறினது தெரியாமல், மாமி போனில் என்னிடம் என்ன சொன்னவ தெரியுமா? "மருமகள் எழுதின அட்டை எண்டபடியால்தான் நான் துணிஞ்சு போறன்" என்றவ. என்னுடைய பேரை நம்பித்தான் அவ வாய் திறந்தவ.

நான் இப்படி முடிவெடுத்திருக்கிறேன். ஒக்டோபர் பத்தாம் திகதிக்கு முன் மாமிக்கு நீங்கள் சொல்லவேண்டும். கூட வந்தவர்களுக்கும் சொல்லவேண்டும். நான் சொல்லமாட்டேன், அது உங்கள் வாயால் வரவேண்டியது. சொல்லாவிட்டால் நான் வரமாட்டேன். மாமிக்கு முன்னால் இருந்து, "குடியுங்கோ மாமி, இது மரக்கறிதான்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பிரவீணா


ஹோம்புஷ்.
12 செப்டெம்பர் 2025

பிரவீணா,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

ஓம், எனக்குத் தெரியும். இப்போது சந்தோஷமா? சூப்பில் எனக்குச் சோயா மணம்தான் தெரிந்தது, கட்டையையும் மரத்துண்டு என்று நினைத்துத்தான் கையில் வாங்கினேன். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனதும் "மாசி, மாசி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. மேலே அறையில் எல்லோரும் முழுகிவிட்டு முருகன் படத்துக்கு முன்னால் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள், மீனாம்பாள் அன்ரியின் குரல் படியிறங்கி வந்துகொண்டிருந்தது. நான் அப்போது மேலே போய் என்ன சொல்லியிருக்கவேண்டும்? "எல்லோரும் இரண்டு நாளாக மாசித் தண்ணி குடிச்சிருக்கிறியள்" என்றா? என்னை நம்பி வந்த கோயில் ஆட்கள். பிறகு நான் அந்தக் கோயில் வாசலை மிதிக்க முடியுமா? அதோடு, அம்மா அப்போது பழம்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தவ. அவவுக்கு மூக்கடைப்பு, ஒன்றும் தெரிந்திருக்காது. முருகா, இதையாவது விட்டுவைத்தாயே என்று நினைத்தேன்.

திரும்பி வந்து ஒரு மாதத்தில் தம்பிக்கு அந்தப் பதில் வந்தது. உமக்கு அது மெல்பேர்ணில் வந்தது. எனக்கு இந்தக் குசினியில் வந்தது. அம்மா அன்று சாமி அறையில் நிலத்தில் இருந்து, சுவரைப் பார்த்து, "நான் என்ன பிழை விட்டனான் முருகா" என்று கேட்டவ. ஒருதரம் இல்லை, விடிய விடியக் கேட்டவ. நான் கதவடியில் நின்றேன். அந்தக் கேள்விக்கு மறுமொழி என் வாய்க்குள் இருந்தது, பிரவீணா. சொல்லியிருக்கலாமா? சொல்லியிருந்தால், தன்னுடைய வாயாலேதான் பிள்ளையின் வாழ்க்கை போனது என்று அவ படுத்த படுக்கையாகியிருப்பா. இப்போதும் அப்படித்தான். மறுபடி மனுப் போட்டிருக்கிற நேரத்தில் போய்ச் சொல்லச் சொல்கிறீர். நாளைக்கு அந்தப் பதிலும் "இல்லை" என்று வந்தால் யார் அம்மாவைத் தூக்கி எடுப்பது? நீரா? நீர் அங்கே இருந்து நல்ல நல்ல கடிதம் எழுதுவீர்.

பெரிய நீதவான் மாதிரித் திகதி போட்டு எழுதியிருக்கிறீர். நீர் ஒகயாமாவில் மூன்று வருடம் என்ன, காற்றையா குடித்தீர்? மீனும் இறைச்சியும் தின்றவர்தானே? இப்போது எனக்கு மச்சம், மரக்கறி படிப்பிக்க வந்துவிட்டீர். உமக்கு அவ மாமி. எனக்கு அம்மா. எதைச் சொல்வது, எதை விடுவது என்று எனக்குத் தெரியும்.

வராவிட்டால் வரவேண்டாம். உம்மை நம்பி முருகன் இல்லை.

நிரஞ்சினி


டண்டினோங்.
20 செப்டெம்பர் 2025

மச்சாளுக்கு,

நான் வரவில்லை. ஆனால் பயணத்தைக் குழப்பவும் இல்லை.

எல்லா விடுதிகளுக்கும் ஜப்பான் பாஷையில் எழுதிவிட்டேன். கடற்பாசியையும் காய்ந்த காளானையும் ஊறவைத்த சாறில்தான் சமைப்பார்கள், ஒப்புக்கொண்டு பதில் போட்டிருக்கிறார்கள். மலைக் கோயில் மடத்தில் எப்போதுமே அப்படித்தான், அங்கே பயமில்லை. வழியில் நூடில்ஸ் கடைகளுக்குள் யாரையும் விடவேண்டாம், அந்தச் சூப் எல்லாம் மீன்தான். காக்கிப் பழத்தில் இரண்டு வகை இருக்கிறது. கூர்நுனி உள்ளது நன்றாகக் கனியாவிட்டால் நாக்கைக் கயர்க்கும், தட்டையானதை அப்படியே வெட்டிக் கொடுக்கலாம். திரும்பும்போது பழம் ஒன்றும் பையில் வைக்கவேண்டாம். புது அட்டைகள் இதோடு இருக்கின்றன. "டாஷி" என்றுதான் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து ஒரு அங்கிளிடமும் காட்டவேண்டாம்.

நான் ஒகயாமாவில் மீன் சாப்பிட்டேன். இறைச்சியும் சாப்பிட்டேன். யாரிடமும் மறைத்துச் சாப்பிடவில்லை.

உங்கள் தம்பிக்கு நான் இதைச் சொல்லவில்லை. அவர் ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து மாமியோடு கதைக்கிறார். "இந்த முறை வடிவாச் சாப்பிடுங்கோ அம்மா, போன முறை மாதிரிப் பழத்தோடை நிக்காதேங்கோ" என்கிறார். நான் பக்கத்தில் இருந்து சிரிக்கிறேன். உங்களோடு கோபித்துக்கொண்டு கடைசியில் நானும் உங்களைப் போலவே ஆகிவிட்டேன். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அட்டையில் இருக்கிற நாஷிக்கு "இல்லை" என்று அர்த்தம். கடையில் விற்கிறார்களே நாஷி பியர், அந்தப் பழத்துக்கும் அதே பேர். அதனால் ஒகயாமாவில் என்னுடைய வீட்டுக்காரக் கிழவி அந்தப் பழத்தை நாஷி என்று வாயால் சொல்லமாட்டா. "அரினோமி" என்பா. இருக்கிற பழம் என்று அர்த்தம். எனக்கு அப்போது எங்கள் ஆட்களின் நினைவு வரும். நாங்களும் போறன் என்று சொல்வதில்லையே, போய்த் திரும்பி வருவோம் என்று "போட்டு வாறன்" என்றுதானே சொல்வோம்.

இந்த முறை எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. போறன்.

பிரவீணா


ஹோம்புஷ்.
8 ஒக்டோபர் 2025

அன்பின் பிரவீணா,

உம்முடைய கடைசிச் சொல்லை வாசித்துவிட்டு இரண்டு கிழமை ஒன்றும் எழுதவில்லை. உம்மைத் திட்டித் திட்டியே நாள் போனது. எனக்குள்ளேதான் திட்டினேன், வெளியே சொல்ல யார் இருக்கிறார்கள்?

முந்தநாள் பின்னேரம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

குசினியில் கதிரையில் இருந்து நாஷி பியர் ஒன்றைத் தோல் சீவிக்கொண்டிருந்தா. நான் நின்றபடியே சொன்னேன். அட்டை, சூப், மாசிக் கட்டை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அம்மா சீவுவதை நிறுத்தவில்லை. முழுத் தோலையும் சீவி முடித்துக் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டா: "இப்பதான் வாய் திறந்ததோ?"

எனக்கு விளங்கவில்லை. "அம்மா, உங்களுக்குத் தெரியுமோ?"

"முதல் வாய் வைக்கேக்கையே தெரியும். பருத்தித்துறையிலை பிறந்து, மாசி இடிச்சு இடிச்சுக் காய்ச்சுப்போன கை இது. எனக்கு மாசி தெரியாதோ?"

"அப்ப தடிமன் எண்டு சொன்னது?"

"தடிமனும் இல்லை, வயித்துக்குத்தும் இல்லை. அத்தனை பேருக்கு முன்னாலை என்ரை பிள்ளையைக் குறைச்சுக் காட்டச் சொல்லுறியோ? நீ தெரியாமச் செய்திட்டாய் எண்டு நினைச்சன். பழத்தைத் திண்டுபோட்டுப் பேசாம இருந்தன். மூண்டாம் நாள் அந்தக் குசினியாலை வெளியிலை வரேக்கை உன்ரை முகத்தைப் பாத்தனான். சரி, இவளுக்கும் விளங்கிட்டுது, படுக்கேக்கை என்ரை காதுக்குள்ளை சொல்லுவாள் எண்டு பாத்தன். நீ போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திட்டாய்."

டிசம்பரில் விடிய விடிய அழுதீர்களே, அந்தப் பயத்தில்தான் நான் சொல்லவில்லை என்றேன். இதைச் சொன்னால் அம்மா என்னைக் கட்டிப்பிடிப்பா என்று நினைத்தேன், பிரவீணா. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தா. "ஒரு வாய் சூப்பாலை அவன்ரை வீசா போச்சு எண்டு நினைக்க நான் என்ன விசரியோ? அந்த ஒரு வாய் முருகன்ரை பாடு, அவன் பாத்துக்கொள்ளுவான். அண்டைக்கு நான் பிழை என்ன எண்டு கேட்டது முருகனுக்கு இல்லையடி. நீ கதவடியிலை நிக்கிறது எனக்குத் தெரியும். உனக்குக் கேக்கத்தான் கேட்டனான். அப்பவாவது சொல்லுவாய் எண்டு."

அதற்குப் பிறகு அம்மா அழுதா. நானும் அழுதேன். ஆனால் கிட்டப் போக விடவில்லை. பழத்தை வெட்டி ஒரு துண்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னா: "நான் யப்பானுக்குப் போவன். மருமகளோடை போவன். நீ வர வேண்டாம். உன்னோடை வந்தால் ஒவ்வொரு கிண்ணத்தையும் மணந்து பாத்துத்தான் வாயிலை வைப்பன். அவள் தந்தால் மணக்காமக் குடிப்பன்."

பெற்ற தாயின் வாயால் இதைக் கேட்டேன். கோபத்தில் சொன்னது என்று இரவு முழுக்க எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். காலையில் தேத்தண்ணி கொடுத்தபோது, "பிரவீணாவுக்கு டிக்கெட் போட்டிட்டியோ" என்றுதான் கேட்டா. போட்டுவிட்டேன். உமக்கு மெல்பேர்ணில் இருந்து சிட்னிக்கும், அங்கிருந்து ஒசாக்காவுக்கும் போட்டிருக்கிறேன். பத்தொன்பதாம் திகதி. தம்பி சின்னவளோடு தனியாகச் சமாளிக்கமாட்டான், நான் அங்கே வந்து நிற்கிறேன் என்று சொன்னேன். சரி என்றான்.

அவனுக்கும் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி நீர் பக்கத்தில் இருந்து சிரிக்கத் தேவையில்லை. "அப்ப அம்மா அங்கை முழு நாளும் பசியோடையோ இருந்தவ, அக்கா?" என்று மட்டும் கேட்டான். ஏர்போர்ட்டில் குப்பைத்தொட்டிக்கு முன்னால் அம்மா அந்தப் பழத்தைக் கடித்துக்கொண்டு நின்ற கோலம் அப்போதுதான் எனக்குக் கண்ணில் வந்தது. நான் வெட்கப்பட்டேன் என்று உமக்குச் சிரித்துச் சிரித்து எழுதியிருந்தேன்.

மற்றவர்களுக்கும் ஒவ்வொருவராக எடுத்துச் சொன்னேன். மூன்று பேர் வரவில்லை என்றுவிட்டார்கள். சிவமணி அங்கிள் தன்னால்தான் எல்லாம் என்று மன்னிப்புக் கேட்டார். பிறகு, அது டாஷி என்றால் "தாழ்சி" என்று எழுதியிருக்கலாம் என்றார். அவரைத் திருத்த ஏலாது. மீனாம்பாள் அன்ரிக்குச் சொன்னபோதுதான் செத்துப் பிழைத்தேன். "அடிப்பாவி! வாசனையா இருக்கேன்னு நான் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடிச்சேனேடி!" என்று போனை வைத்துவிட்டா. ஒரு மணித்தியாலத்தில் திரும்ப எடுத்து, "அந்த ஜப்பான் படிச்ச பொண்ணு வருதா? வந்தா நானும் வரேன். ஆனா அட்டையை நான் ஒரு தடவை வாசிச்சுப் பாத்துடுவேன்" என்றா.

உம்மைப் பற்றி நான் எழுதினதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. மன்னித்துக்கொள்ளும் என்று ஒரு வரியில் எழுதினால் அது மலிவாகிவிடும். அம்மா என்னோடு சாதாரணமாகத்தான் கதைக்கிறா, சாப்பிட்டியோ என்று கேட்கிறா. ஆனால் இன்று மத்தியானம் நான் சாம்பாரைக் கொண்டுபோய் முன்னால் வைத்தபோது, குனிந்து ஒருதரம் மணந்து பார்த்தா. வேண்டுமென்று செய்யவில்லை என்று நினைக்கிறேன். நான் பார்த்ததைக் கண்டதும் சட்டென்று சோற்றில் ஊற்றிக்கொண்டா.

பத்தொன்பதாம் திகதி அம்மாவை ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுவந்து விடுவேன். உள்ளே வரமாட்டேன். காருக்குப் பக்கத்தில் நின்று உமக்கு ஒன்று சொல்லவேண்டும், அந்த நேரம் என் வாய் வருமோ வராதோ தெரியாது. நீர் முடிவில் ஒரு சொல் எழுதினீர். அதற்கு என்னுடைய மறுமொழியை இப்போதே எழுதிவிடுகிறேன்.

போட்டு வாரும், பிரவீணா. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போட்டு வாரும்.

நிரஞ்சினி